கோலின் இரண்டு முனைகள்

ஒரு கோல். அதற்கு இரண்டு முனைகள்.

ஒரு முனை தாத்தாவின் கையில் இருக்கிறது. மறு முனை பேத்தியின் கையில் இருக்கிறது. பேத்தி முன்னால் நடக்கிறாள். தாத்தா பின்னால் நடக்கிறார். தாத்தாவுக்குக் கண் தெரியாது.

இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பஸ் நிலையத்தில் பார்த்திருப்பீர்கள். கோவில் வாசலில் பார்த்திருப்பீர்கள். 'பாவம், அந்தத் தாத்தா' என்று சொல்லியிருப்பீர்கள். அந்தப் பேத்தியைப் பற்றி யோசித்தீர்களா? அவளுக்கு வயது பத்து. காலை பத்து மணிக்கு அவள் எங்கே இருக்க வேண்டும்? பள்ளியில் இருக்க வேண்டும். ஆனால் கோலின் மறு முனையைப் பிடித்துக் கொண்டு தெருவில் நிற்கிறாள்.

உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் பக்கம் ஒரு கிராமம். அங்கே இப்படி ஒரு வீடு இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். அந்தப் பக்கம் தாத்தாவை 'தாதாஜி' என்று அழைப்பார்கள். மகன் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறான். மருமகள் வயல் வேலைக்குப் போகிறாள். வீட்டில் மிச்சம் இருப்பது பேத்தி மட்டும்தான். ஆகவே தாதாஜிக்கு அவள்தான் கண்.

தாதாஜிக்குப் பார்வை ஒரே நாளில் போகவில்லை. முதலில் பக்கத்துப் பார்வை குறைந்தது. கதவு நிலையில் தோள் இடித்தது. நேராகப் பார்த்தால் மட்டும் தெரிந்தது. 'வயசாகி விட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டு விட்டார். வலி இல்லை. அதனால் மருத்துவரிடம் போகவில்லை. போன போது காலம் கடந்து விட்டது. அது கண் நீர் அழுத்த நோய். அந்த நோயில் போன பார்வை திரும்பி வராது. முன்னாலேயே வந்திருந்தால் சொட்டு மருந்து போட்டு மிச்சப் பார்வையைக் காப்பாற்றி இருக்கலாம்.

கண்புரை அப்படி அல்ல. கண்புரைக்குச் சின்ன அறுவை சிகிச்சை போதும். பார்வை திரும்பும். நம் நாட்டில் வயதானவர்கள் பார்வை இழக்கப் பெரிய காரணம் கண்புரைதான். ஆகவே கோலும் கருவியும் தேடும் முன்பு கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சரி செய்யக் கூடிய கண்ணை வைத்துக் கொண்டு இருட்டில் இருக்கக் கூடாது.

ஒரு நாள் பள்ளி ஆசிரியர் வீட்டுக்கு வந்தார்.

"தாதாஜி, பேத்தி பதினைந்து நாளாகப் பள்ளிக்கு வரவில்லையே?"

"மாஸ்டர்ஜி, அவள் பள்ளிக்கு வந்து விட்டால் என்னை யார் கூட்டிப் போவது?"

"எங்கே போக வேண்டும் உங்களுக்கு?"

தாதாஜி கொஞ்சம் யோசித்தார். "காலையில் ஒதுக்குப்புறம் போக வேண்டும். அடி பம்புக்குப் போக வேண்டும். டீக்கடைக்குப் போக வேண்டும். மாதம் ஒரு தடவை ரேஷன் கடை. அவ்வளவுதான்."

"நான்கு இடம். எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வழிதானே?"

"நாற்பது வருடம் நடந்த வழி. ஆனால் இப்போது பள்ளம் எது, மேடு எது என்று காலுக்குத் தெரியவில்லையே."

"காலுக்குத் தெரிய வேண்டாம், தாதாஜி. கோலுக்குத் தெரிந்தால் போதும்."

வெள்ளைக் கோல்

பார்வையற்றவர்கள் காலம் காலமாகக் கோல் வைத்திருக்கிறார்கள். அது வெள்ளைக் கோல் ஆனது எப்படி?

இங்கிலாந்து நாட்டில் பிரிஸ்டல் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர் புகைப்படம் எடுக்கும் தொழில் செய்தார். ஒரு விபத்தில் அவருக்குப் பார்வை போய் விட்டது. வீட்டைச் சுற்றி மோட்டார் வண்டிகள் ஓடின. தெருவில் போக அவருக்குப் பயமாக இருந்தது. வண்டிக்காரர்களுக்குத் தன்னைத் தெரிய வேண்டுமே! 1921ஆம் ஆண்டு தன் கைத்தடிக்கு வெள்ளை வர்ணம் பூசினார். வெள்ளை நிறம் தூரத்திலேயே தெரியும். இன்று உலகம் முழுவதும் அதுதான் அடையாளம். அக்டோபர் 15ஆம் தேதி வெள்ளைக் கோல் நாள்.

அப்போதும் அது வெறும் அடையாளம்தான். அதை வைத்து எப்படி நடப்பது என்பதை அமெரிக்காவில் ரிச்சர்டு ஹூவர் என்பவர் வகுத்தார். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். போரில் பார்வை இழந்த சிப்பாய்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களுக்கு நடை பழக்கும் வேலை ஹூவருக்கு. கைத்தடியை ஊன்றி நடந்தால் காலடியில் இருப்பது மட்டும்தான் தெரியும். அதற்குள் விழுந்து விடுவோம். ஆகவே கோலை நீளமாக்கினார். எடையைக் குறைத்தார். கோல் ஊன்றுவதற்கு அல்ல, தேடுவதற்கு என்றார்.

கோலை நிமிர்த்தி வைத்தால் அது நெஞ்சு வரை வர வேண்டும். பிடியை வயிற்றுக்கு நேராக, நடுவில் பிடிக்க வேண்டும். முனையை இடமும் வலமுமாக வீச வேண்டும். எவ்வளவு அகலம்? தோள் அகலம். அதை விடக் கொஞ்சம் கூட இருக்கலாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வலது காலை எடுத்து வைக்கும் போது கோல் இடது பக்கம் தொட வேண்டும். இடது காலை வைக்கும் போது வலது பக்கம் தொட வேண்டும். ஏன் தெரியுமா? அடுத்த அடி வைக்கப் போகும் இடத்தைக் கோல் முன்பே பார்த்து விடுகிறது.

செய்து பாருங்கள். ஒரு துண்டால் கண்ணைக் கட்டிக் கொள்ளுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். நீளமான ஒரு குச்சியை எடுத்து முற்றத்தில் இப்படி நடங்கள். மண் தரையில் ஒரு சத்தம் வரும். சிமெண்டுத் தரையில் வேறு சத்தம் வரும். புல் என்றால் சத்தமே வராது. பத்து நிமிடத்தில் உங்கள் காது கூர்மையாகி விடும். காது கூர்மையாவது பிறவி வரம் அல்ல, பழக்கம்.

தாதாஜியிடம் பழைய மூங்கில் தடி ஒன்று இருந்தது. அது கனமானது. அரை மணி நேரம் வீசினால் மணிக்கட்டு வலிக்கும். வெள்ளைக் கோல் அலுமினியக் குழாயில் செய்தது. உள்ளே ரப்பர் கயிறு ஓடும். நான்காக மடித்துப் பையில் வைக்கலாம். கீழ்ப் பகுதியில் சிவப்புப் பட்டை இருக்கும். விலை சில நூறு ரூபாய்தான்.

ஆசிரியர் ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தார். அவர் தாதாஜியின் கையைப் பிடித்து ஒரு வாரம் பழக்கினார். முதல் நாள் முற்றம். இரண்டாம் நாள் தெரு. பிறகு அடி பம்பு. வேப்ப மரத்தில் இருந்து எத்தனை அடி, சாக்கடை எந்தப் பக்கம், டீக்கடை அடுப்பின் வாசனை எங்கே தொடங்குகிறது என்று எல்லாவற்றையும் தாதாஜி மனதில் குறித்துக் கொண்டார்.

பேத்திக்கும் பயிற்சியாளர் ஒன்று சொன்னார். "இனிமேல் தாத்தாவின் கோலைப் பிடித்து இழுக்கக் கூடாது. உதவி வேண்டுமா என்று முதலில் கேள். வேண்டும் என்றால் உன் முழங்கையை நீட்டு. தாத்தா பிடித்துக் கொள்வார். நீ ஓர் அடி முன்னால் நட. படி வந்தால் நின்று சொல்."

இது நமக்கும்தான். ரோடு கடக்க நிற்கும் பார்வையற்றவரைக் கேட்காமல் கொள்ளாமல் கையைப் பிடித்து இழுத்துப் போகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அவர் ரோட்டைக் கடக்கவே நிற்காமல் இருந்திருக்கலாம்!

முழங்காலுக்கு மேலே

எட்டாம் நாள் தாதாஜி தனியாக டீக்கடைக்குப் போனார். நெற்றியில் ரத்தத்தோடு திரும்பி வந்தார்.

என்ன நடந்தது? தெருவில் ஒரு டிராக்டர் நின்றது. பின்னால் டிரெய்லர். டிரெய்லரின் அடியில் கோல் புகுந்து போனது. கோலுக்கு வெறும் காற்றுதான் பட்டது. 'வழி இருக்கிறது' என்று தாதாஜி நடந்தார். டிரெய்லரின் இரும்பு விளிம்பு நெற்றியில் இடித்தது.

வெள்ளைக் கோலின் குறை இதுதான். தரையில் இருப்பதைச் சொல்லும். முழங்காலுக்கு மேலே இருப்பதைச் சொல்லாது. தாழ்ந்த மரக்கிளை, வெளியே திறந்த ஜன்னல் கதவு, குறுக்கே நிற்கும் மாடு, நிறுத்திய லாரி. இவற்றில் இடித்துப் பல் உடைந்தவர்கள் உண்டு. அடிபட்ட பிறகு 'இனி வெளியே போகாதே' என்று வீட்டார் சொல்லி விடுவார்கள். கோல் பரணுக்குப் போய் விடும்.

இந்தக் குறையை யார் கண்டு பிடித்தார்கள்? பார்வையற்றவர்களுக்கு எப்போதுமே தெரியும். அவர்களிடம் போய்க் கேட்டவர்கள்தான் குறைவு.

டில்லியில் ஐ.ஐ.டி. என்ற பெரிய தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 2005ஆம் ஆண்டை ஒட்டி அங்கே படித்த சில மாணவர்கள் பார்வையற்றோர் சங்கத்துக்குப் போனார்கள். 'உங்களுக்கு அன்றாடம் என்ன கஷ்டம்?' என்று கேட்டார்கள். அங்கே இருந்தவர்கள் சொன்ன கஷ்டங்களில் இதுவும் ஒன்று. மேலே இருப்பது இடிக்கிறது. பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் வழி காட்ட, மாணவர்கள் வேலையைத் தொடங்கினார்கள்.

அவர்கள் செய்த கருவி வௌவாலைப் போன்றது. வௌவால் இருட்டில் பறக்கிறது. எதிலும் மோதுவது இல்லை. நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை அது எழுப்புகிறது. அந்தச் சத்தம் சுவரிலோ மரத்திலோ பட்டுத் திரும்புகிறது. கிணற்றில் குனிந்து கூப்பிட்டால் நம் குரல் திரும்பி வருகிறதே, அது போல. சீக்கிரம் திரும்பினால் தடை பக்கத்தில் இருக்கிறது. மெதுவாகத் திரும்பினால் தூரத்தில் இருக்கிறது.

இந்தக் கருவியும் அதே போல் கேளா ஒலியை அனுப்புகிறது. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். 3 மீட்டர் தூரத்தில் ஒரு லாரி நின்றால், ஒலி போய்த் திரும்ப 6 மீட்டர். ஒரு நொடியை ஐம்பது பங்காகப் பிரியுங்கள். அதில் ஒரு பங்கு நேரம் கூட ஆகாது. கருவி அந்த நேரத்தை அளந்து விடுகிறது. உடனே கைப்பிடி அதிர்கிறது. தடை நெருங்க நெருங்க அதிர்வு மாறுகிறது.

ஏன் அதிர்வு? ஏன் பேசவில்லை? பார்வையற்றவருக்குக் காது மிகவும் முக்கியம். வண்டி வரும் சத்தம், ஆள் நடக்கும் சத்தம் எல்லாம் கேட்க வேண்டும். காதுக்குள் ஒரு கருவி பேசிக் கொண்டே இருந்தால் அவருக்கு அது இடைஞ்சல். ஆகவே கைக்குச் சொல்கிறது.

கருவியைச் செய்வது ஒரு வேலை. அதை எல்லோரும் பிடிக்கும்படி செய்வது இன்னொரு வேலை. ஒருவர் கோலைப் பேனா போலப் பிடிக்கிறார். ஒருவர் விரலை நீட்டிப் பிடிக்கிறார். ஒருவர் முஷ்டியாகப் பிடிக்கிறார். எப்படிப் பிடித்தாலும் ஒலி போகும் வழியைக் கை மறைக்கக் கூடாது. பார்வையற்றவர்களிடமே கொடுத்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு, திரும்பத் திரும்ப மாற்றினார்கள். இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளை பண உதவி செய்தது. சென்னையில் உள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் தயாரிக்க முன் வந்தது. 2014ஆம் ஆண்டு 'ஸ்மார்ட்கேன்' என்ற பெயரில் கருவி வெளி வந்தது. வந்த போது விலை சுமார் 3,000 ரூபாய்.

வெளிநாட்டிலும் இப்படிக் கருவிகள் இருந்தன. அவற்றின் விலை பல பத்தாயிரம் ரூபாய். நம் தாதாஜி போன்றவருக்கு அந்தக் கருவி இருந்தும் இல்லாதது போலத்தான். ஒரு கருவியின் விலையில் ஒரு சைபர் குறைந்தால் அது எத்தனை வீட்டுக்குள் நுழைகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. ஸ்மார்ட்கேன் பள்ளத்தைச் சொல்லாது. தரையைக் கோலின் முனைதான் தேட வேண்டும். மேலே உள்ளதைக் கருவி தேடும். ஆகவே முதலில் சாதாரணக் கோலில் நன்றாகப் பழக வேண்டும். பிறகுதான் கருவி. மின்சாரம் ஏற்றவும் மறக்கக் கூடாது. மின்சாரம் தீர்ந்து விட்டாலும் கோல் கோலாக இருக்கும். அது ஒரு நல்ல விஷயம்.

ஐநூறா, நூறா?

நெற்றிக் காயம் ஆறியது. ஆனால் தாதாஜிக்கு வேறு ஒரு கவலை இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மளிகைக் கடையில் ஒரு நாள் 500 ரூபாய் நோட்டு கொடுத்தார். கடைக்காரர் 100 ரூபாய்க்குத்தான் மீதி தந்தார். தவறிச் செய்தாரா, வேண்டும் என்றே செய்தாரா என்று தாதாஜிக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. தான் கொடுத்தது எந்த நோட்டு என்று அவருக்கே நிச்சயம் இல்லையே!

நடப்பதற்கு அடுத்தபடி, தன் பணத்தைத் தானே எண்ணுவது பெரிய விஷயம்.

உங்கள் கையில் நோட்டு இருந்தால் எடுங்கள். இப்போதுள்ள 100 ரூபாய் நோட்டின் நீளம் 142 மில்லி மீட்டர். 200 ரூபாய் 146. 500 ரூபாய் 150. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 4 மில்லி மீட்டர்தான் வித்தியாசம். ஒரு நெல் மணியின் நீளம் கூட இல்லை! போதாக் குறைக்குப் பழைய 100 ரூபாய் நோட்டும் செல்லும். அதன் நீளம் 157. அது 500 ரூபாயை விட நீளம். விரலால் மட்டும் பார்ப்பவர் என்ன செய்வார்?

அவர்களுக்காக நோட்டில் சில அடையாளங்கள் இருக்கின்றன. இரண்டு ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். சாய்ந்த கோடுகள் புடைத்து இருக்கும். 100 ரூபாயில் 4 கோடுகள். 200 ரூபாயில் 4 கோடுகள், நடுவில் 2 சிறு வட்டங்கள். 500 ரூபாயில் 5 கோடுகள். இவை தவிர 100 ரூபாயில் ஒரு முக்கோணமும் 500 ரூபாயில் ஒரு வட்டமும் புடைத்து இருக்கும். புது நோட்டில் நன்றாகத் தெரியும். பத்துக் கை மாறிய நோட்டில் எல்லாம் தேய்ந்து போயிருக்கும். மீன் கடை நோட்டில் தேடவே வேண்டாம்.

நாணயம் பரவாயில்லை. 2019ஆம் ஆண்டு வந்த புது வரிசையில் மதிப்புக் கூடக் கூட நாணயமும் பெரிதாகிறது. 20 ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கங்கள். தடவினால் தெரிந்து விடும்.

நோட்டுக்கு ஒரு பழைய வழி உண்டு. அதற்குக் காசு செலவு இல்லை. நோட்டு கைக்கு வந்த உடனே மடித்து வைப்பது. 100 ரூபாயை மடிக்காமல் வைக்கலாம். 200 ரூபாயைக் குறுக்காக மடிக்கலாம். 500 ரூபாயை நீளவாட்டில் மடிக்கலாம். ஆனால் வாங்கும் போது எந்த நோட்டு என்று யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

அதற்கும் ஒரு துணை வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. செல்போனில் அதை ஏற்றிக் கொள்ள வேண்டும். காசு கட்ட வேண்டாம். நோட்டுக்கு மேலே போனைப் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். ஒரு தடவை ஏற்றி விட்டால் இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும். நோட்டு நல்லதா கள்ளதா என்று மட்டும் அது சொல்லாது.

பேசும் போன்

தாதாஜிக்குப் போன் எதற்கு என்று மகன் கேட்டான். "கண் தெரியாதவர் கண்ணாடி போனை வைத்து என்ன செய்வார்? பட்டன் கூட இல்லையே!"

நியாயமான கேள்விதான். பதில் போனுக்கு உள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் 'டாக்பேக்' என்ற வசதி இருக்கிறது. அதைத் தட்டி விட்டால் போன் பேசத் தொடங்கும். விரல் எதன் மேல் படுகிறதோ அதன் பெயரைச் சொல்லும். அதைத் திறக்க இரண்டு தடவை தட்ட வேண்டும். இந்தியில் பேசும். தமிழிலும் பேசும். இதற்குத் தனியாகப் பணம் இல்லை. நம் வீட்டுப் போனிலேயே இருக்கும். நமக்குத் தெரியாமலே இருக்கும்.

கம்ப்யூட்டருக்கும் இப்படி உண்டு. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளின் விலை ஒரு காலத்தில் பல பத்தாயிரம் ரூபாய். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்று இரண்டு பேர். இருவருக்கும் பார்வை இல்லை. 'கண் தெரிந்தவன் திரையைப் பார்க்கக் காசு கொடுக்கிறானா? நாம் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?' இதுதான் அவர்கள் எண்ணம். 2006ஆம் ஆண்டு வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் எழுதிய மென்பொருளின் பெயர் என்விடிஏ. உலகம் முழுவதும் அதை இலவசமாகத் தருகிறார்கள்.

போன் படித்துக் காட்டுகிறது. அப்படியானால் பிரெய்லி எதற்கு? இப்படிச் சிலர் கேட்கிறார்கள். புதிதாக எழுத்துக் கற்ற உங்களுக்கு இதன் பதில் தெரிந்திருக்கும். செய்தியை வானொலியில் கேட்பது ஒன்று. உங்கள் பெயரை நீங்களே எழுதுவது வேறு.

லூயி பிரெய்லி பிரான்சு நாட்டில் 1809ஆம் ஆண்டு பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் பிள்ளை அப்பாவின் குத்தூசியை எடுத்து விளையாடியது. ஊசி கண்ணில் குத்தி விட்டது. இரண்டு கண்ணும் போயின. அவர் தமது பதினைந்தாவது வயதில், 1824ஆம் ஆண்டு, ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்து முறை ஒன்றை உருவாக்கினார். இடப் பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. வலப் பக்கம் 4, 5, 6. இந்த ஆறில் சிலவற்றைக் குத்தி, சிலவற்றை விட்டால் 63 வடிவங்கள் கிடைக்கும்.

முதல் புள்ளி மட்டும் குத்தினால் 'அ'. 1, 3 குத்தினால் 'க'. தமிழிலும் அதுதான். இந்தியிலும் அதுதான். வங்காளத்திலும் அதுதான். நம் நாட்டு மொழிகளுக்கு முன்பு வேறு வேறு முறைகள் இருந்தன. 1951ஆம் ஆண்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக 'பாரதி பிரெய்லி' வந்தது. அதே ஆண்டு டேராடூனில் மத்திய பிரெய்லி அச்சகம் தொடங்கியது.

எழுதும் கருவி மிக எளியது. துளைகள் உள்ள ஒரு பலகை. மரப் பிடி போட்ட ஒரு குட்டி ஊசி. கெட்டித் தாளைப் பலகையில் மாட்டிக் குத்த வேண்டும். புள்ளி மறு பக்கம்தான் புடைக்கும். அதனால் வலப் பக்கம் இருந்து இடப் பக்கமாக எழுத வேண்டும். பிறகு தாளைத் திருப்பி இடப் பக்கம் இருந்து படிக்க வேண்டும். நீங்கள் பென்சில் பிடித்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள். இதில் பாதிக் கஷ்டம் கூட இல்லை அது!

தாதாஜிக்குப் பிரெய்லி வருமா? உண்மையைச் சொன்னால், சிரமம்தான். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல். அதற்கு அந்தச் சின்னப் புள்ளி தெரிய நாள் ஆகும். அவருக்குப் போன் போதும். ஆனால் பார்வை இல்லாத பிள்ளைக்குப் போனை மட்டும் கொடுத்து விட்டுப் பிரெய்லியைக் கற்றுக் கொடுக்காமல் விடுவது அநியாயம். அந்தப் பிள்ளைக்குச் சொல்லின் எழுத்து எப்படி என்று தெரியாமலே போய் விடும்.

கொஞ்சம் பார்வை மிச்சம் இருப்பவர்களுக்கு இன்னும் மலிவான வழிகள் உண்டு. படியின் விளிம்பில் மஞ்சள் வர்ணம் பூசுங்கள். வெள்ளைச் சோற்றைக் கரிய நிறத் தட்டில் போடுங்கள். கறுப்புப் பட்டைப் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வாங்குங்கள்.

எங்கே கிடைக்கும்?

தாதாஜி எதையும் கடையில் வாங்கவில்லை. வாங்கப் பணம் இல்லை.

வருமானம் குறைந்தவர்களுக்கு உதவிக் கருவி தர மத்திய அரசு 1981ஆம் ஆண்டு முதல் ஒரு திட்டம் நடத்தி வருகிறது. ஏ.டி.ஐ.பி. திட்டம் என்று பெயர். கான்பூரில் 'அலிம்கோ' என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு தொடங்கியது. அது ஊர் ஊராக முகாம் நடத்துகிறது. வெள்ளைக் கோல், ஸ்மார்ட்கேன், பிரெய்லிப் பலகை போன்றவற்றைத் தருகிறது.

முதலில் அரசு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்க வேண்டும். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். வருமானச் சான்றும் வேண்டும். யு.டி.ஐ.டி. என்ற அடையாள அட்டைக்கும் விண்ணப்பம் போட்டு வைப்பது நல்லது. ஒரு தடவை கருவி வாங்கினால், அதே வேலைக்கான கருவியை மறுபடி வாங்கப் பொதுவாக 3 ஆண்டுகள் ஆக வேண்டும். ஆகவே பத்திரமாக வைத்துக் கொள்ள வேண்டும்.

முகாமில் கூட்டம் அதிகம். வரிசை நீளம். ஆளுக்கு ஒரு கோலைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பி விடும் முகாம்களும் இருக்கின்றன. உயரமானவருக்குக் குட்டைக் கோல் வந்து விடும். நடக்கக் கற்றுக் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். ஆகவே வாங்கும் போதே நின்று கேளுங்கள். "இது என் உயரத்துக்குச் சரியா? எனக்கு யார் பழக்குவார்கள்? கெட்டுப் போனால் எங்கே கொண்டு வர வேண்டும்?" இந்த மூன்றையும் கேட்காமல் முகாமை விட்டு வர வேண்டாம். கோல் அவருடையது. கேட்கும் உரிமையும் அவருடையது.

பேத்தி இப்போது பள்ளிக்குப் போகிறாள். காலையில் வீட்டு வாசல் வரை இருவரும் சேர்ந்து வருவார்கள். அவள் வலப் பக்கம் திரும்புவாள். அவர் இடப் பக்கம் திரும்புவார்.

போன வாரம் ஒரு மாலை தாதாஜி அவளைக் கூப்பிட்டார்.

"பிட்டியா, கோலின் முனையைப் பார். சத்தம் மாறி விட்டது."

அவள் கோலைத் தூக்கிப் பார்த்தாள். முனையில் உள்ள பிளாஸ்டிக் ஒரு பக்கமாகத் தேய்ந்து உள்ளே இருந்த அலுமினியம் தெரிந்தது.

"தேய்ந்து விட்டது, தாதாஜி. புது முனை போட வேண்டும்."

"சரி. நான் சொல்கிறேன். நீ எழுது."

அவள் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்து தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே தேதி போட்டாள். அதற்குக் கீழே, 'கான்பூர் அலிம்கோ அலுவலகத்துக்கு' என்று எழுதினாள்.